டோரண்ட்டில் வந்த எம்பி3 கோப்புகளைத் திறக்கலாமா?

வணக்கம். பினாங்கு, பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். அப்பா ஆசையாகக் கேட்ட பழைய வானொலி நாடகங்களைச் சனிக்கிழமை இரவு டோரண்ட்டில் (பயனர்கள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிரும் முறை) இறக்கினேன். 2.1 ஜிபி, ஒரே ஜிப் கோப்பு. கடவுச்சொல் தனியாக ஒரு டெக்ஸ்ட் கோப்பில் இருந்தது.

பிரித்துப் பார்த்தால் 39 கோப்புகள். பன்னிரண்டாவது மட்டும் உறுத்தியது. மற்றவற்றைப் போலவே இசைக்குறி ஐகான், ஆனால் வகை என்ற இடத்தில் 'அப்ளிகேஷன்'. விண்டோஸ் மறைத்து வைத்திருந்த பின்னொட்டைக் காட்டச் சொன்னதும் பெயர் '.எம்பி3.இஎக்ஸ்இ' என்று முடிந்தது, அதாவது பாட்டு இல்லை, இயங்கும் நிரல். அளவு 1.4 எம்பி, ஒரு மணி நேர நாடகம் அதற்குள் எப்படி அடங்கும்? இதுவரை எதையும் திறக்கவில்லை.

விண்டோஸ் 10-இன் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை இரண்டு முறை ஓட்டினேன், எதுவும் சொல்லவில்லை. ஜிப்பை வைரஸ்டோட்டலில் (ஒரு கோப்பைப் பல ஸ்கேனர்களால் சோதிக்கும் இணையதளம்) ஏற்ற முடியவில்லை, அங்கே 650 எம்பிதான் வரம்பு. சரி என்று அந்த ஒன்றை மட்டும் ஏற்றினேன். சில ஸ்கேனர்கள் ட்ரோஜன் (நல்ல கோப்பு போல வேடமிட்ட தீய நிரல்) என்கின்றன, மற்றவை சுத்தம் என்கின்றன. டோரண்ட்டின் ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியீடு) பொருந்துகிறது. ஆனால் பதிவேற்றியவர் கொடுத்தது அப்படியே வந்திருக்கிறது என்பதற்கு மட்டும்தானே அது சாட்சி?

கடைக் கணக்கும் இதே மடிக்கணினியில்தான். அந்த ஒன்றை அழித்துவிட்டு மீதி 38 எம்பி3யையும் விஎல்சி பிளேயரில் திறக்கலாமா, இல்லை மொத்தமாக அழித்துவிட வேண்டுமா?