ஒரே செஃப் கிளஸ்டரில் எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும்: உங்கள் அனுபவம் என்ன?

பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாக்கும் செஃப் மென்பொருளில் ஓடும் 5 சர்வர் எங்களிடம். ஒவ்வொன்றிலும் 8 டிபி ஹார்டு டிஸ்க் நான்கு, 960 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு. எஸ்எஸ்டி இருக்கிறதே என்ற நம்பிக்கையில் எல்லாவற்றையும் ஒரே பூலில் (டேட்டா வைக்கும் தொகுப்பில்) போட்டோம். மாதக் கடைசியில் பில்லிங் ஓடும்போதெல்லாம் டேட்டாபேஸ் திணறியது. ஒரு ராத்திரி உட்கார்ந்து ஓஎஸ்டி (டிஸ்க்குக்கு ஒன்றாக ஓடும் செஃப் புரோகிராம்) ஒவ்வொன்றின் லேட்டன்சியையும், அதாவது பதில் வர ஆகும் நேரத்தையும், பார்த்தேன். எஸ்எஸ்டியில் 2 மில்லிசெகண்ட், ஹார்டு டிஸ்க்கில் 40, 60.

எந்த டேட்டா எந்த டிஸ்க்குக்கு என்று முடிவுசெய்யும் செஃபின் கிரஷ், கொள்ளளவைப் பார்த்துத்தான் எடை போடும், வேகத்தைப் பார்க்காது. 8 டிபிக்கு எடை 7.28 (டெபிபைட் கணக்கில்), 960 ஜிபிக்கு 0.87. நூற்றில் ஐந்தாறு பங்கு டேட்டாதான் எஸ்எஸ்டிக்குப் போயிருந்தது. அதுவும் டேட்டாவுக்கு வைக்கும் மூன்று நகலும் எழுதி முடிந்த பிறகுதான் 'எழுதியாயிற்று' என்று பதில் வரும். ஒரு நகல் ஹார்டு டிஸ்க்கில் விழுந்தால் போதும், எழுதும் வேகம் அதனுடையதுதான்.

2017-இல் வந்த லூமினஸ் என்ற செஃப் பதிப்பிலிருந்தே இதற்கு டிவைஸ் கிளாஸ் (டிஸ்க்கின் வகையைக் குறிக்கும் பெயர்) இருக்கிறது. கிரஷில் எஸ்எஸ்டிக்கு ஒரு ரூல், ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு ரூல் எழுதி, பூலை அதனதன் ரூலில் மாட்டினால் சரி. ஆனால் அதற்கு முன் ஓஎஸ்டி ட்ரீ என்ற பட்டியலில் கிளாஸ் பத்தியை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். இரண்டு சர்வர்களில் எங்கள் எஸ்எஸ்டிகள் 'எச்டிடி' (ஹார்டு டிஸ்க்) என்று நின்றன; ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருந்ததால் கர்னல் அவற்றைச் சுழலும் டிஸ்க் என்றே நினைத்திருந்தது. பழைய கிளாஸை நீக்கிவிட்டுத்தான் புதியதை வைக்க முடியும். நேராக மாற்ற விடாது.

பிரித்த பிறகு எஸ்எஸ்டி பூலில் கிடைத்தது 3.2 டிபி. 85 சதவீதத்தில் எச்சரிக்கை வந்துவிடும் என்பதால் கையில் 2.7தான். டேட்டாபேஸை மட்டும் அங்கே வைத்தோம். அடுத்த மாதம் பில்லிங் நேரத்தில் ஒரு போன்கூட வரவில்லை.

மறுமொழி 1

நல்ல பதிவு, சார். நாங்களும் இப்படித்தான் பிரித்தோம், அப்புறம் பிஜி ஆட்டோஸ்கேலர் சத்தமில்லாமல் நின்றுவிட்டது. பூலின் டேட்டாவைப் பிரித்து வைக்கும் கூறுகள்தான் பிஜி; அவற்றின் எண்ணிக்கையைத் தானாகச் சரிசெய்வது இது. நிலையைக் கேட்டால் வெறும் திரை. செஃபின் மேலாண்மை புரோகிராமான எம்ஜிஆர் (மேனேஜர்) தனக்கென வைத்திருக்கும் ஒரு சின்ன பூல் மட்டும் பழைய ரூலிலேயே கிடந்தது. அந்த ரூல் எல்லா டிஸ்க்கையும் தொடுவதால் ரூட்கள் (ரூல் டிஸ்க் தேடத் தொடங்கும் இடங்கள்) ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. அதையும் எஸ்எஸ்டி ரூலுக்கு மாற்றியதும் ஆட்டோஸ்கேலர் வேலைசெய்யத் தொடங்கியது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

மறுமொழி 2

எங்கள் கதை வேறு. எல்லாமே ஹார்டு டிஸ்க்தான், அளவுதான் கலவை. மூன்று சர்வரில் இரண்டில் 4 டிபி, புதிதாக வாங்கிய ஒன்றில் 16 டிபி. சர்வருக்கு ஒரு நகல் என்ற ரூலில் சின்ன சர்வர் நிரம்பியதும் கதை முடிந்தது. பெரிய சர்வரின் முக்கால் பங்கு இடம் சும்மா கிடந்தது. கடைசியில் 16 டிபி டிஸ்க்குகளைக் கழற்றி மூன்று சர்வருக்கும் சமமாகப் பிரித்து மாட்டினோம். இடம் கிடைத்தது. ஆனால் 16 டிபி டிஸ்க்குக்கு நாலு மடங்கு பிஜி; தலை நகரும் வேகமோ 4 டிபி டிஸ்க்கைப் போலத்தான். அந்த டிஸ்க்குகள் எப்போதும் பிசியாகவே இருக்கின்றன. அதனால் அங்கே பேக்கப் மட்டும் வைத்திருக்கிறோம்.