கலைச்சொல் உதவி: டேனிஷ் புகைமீனுக்கு வெம்புகையா, சுடுபுகையா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

டென்மார்க் வட்டார உணவுச் சொற்பட்டியலில் 'புகைக்கருவாடு' என்று ஒரு பதிவு இருக்கிறது. புகையில் பக்குவப்படுத்திய மீன் எல்லாவற்றுக்கும் அதையே போட்டிருக்கிறார்கள். பொருந்தவில்லை. கருவாடு என்றாலே நீர் வற்றியது. போர்ன்ஹோல்ம் தீவின் ஹெர்ரிங் என்ற கடல்மீன் புகைக்கூடத்திலிருந்து இறங்கும்போது தோல் பொன்னிறம், உள்ளே சதை ஈரம். விரலால் தள்ளினாலே முள்ளை விட்டுப் பிரியும். மாசியோடும் ஒப்பிட முடியாது. மாசி வெந்து, புகையில் இருந்து, வெயிலில் காய்ந்து கட்டையாவது.

'புகை போட்ட மீன்' என்றால் வாழைத்தார்தான் நினைவுக்கு வரும். ஆகவே வினைக்குப் 'புகையூட்டல்' என்று வைத்துக்கொள்ளலாம். டேனிஷில் 'வார்ம்ரோயெட்' (சூடான புகையில் வைத்தது), 'கோல்ட்ரோயெட்' (குளிர்ந்த புகையில் வைத்தது) என இரு வகை உண்டு. அவற்றுக்கு வெம்புகையூட்டல், தண்புகையூட்டல் என்று முன்மொழிகிறேன்.

-----

> வெம்புகையூட்டல், தண்புகையூட்டல்

புகையூட்டலுக்கு என் வாக்கு. முன்னொட்டில் மாறுபடுகிறேன். முதல் வகைக்குச் 'சுடுபுகை' என்பதே பொருந்தும், ஏனென்றால் அங்கே மீன் வேகிறது. செய்முறையைப் பாருங்கள். உப்பிட்ட ஹெர்ரிங்கைத் தலையோடு கம்பியில் கோத்துத் தொங்கவிட்டு, முதலில் காற்றில் தோலை உலர்த்துவார்கள். தொட்டால் லேசாக ஒட்டும் பதம் வர வேண்டும். ஈரத்தோடு உள்ளே போனால் கரி திட்டுத் திட்டாகப் படியும், தோலும் கிழியும். அடுத்து ஆல்டர் விறகுத் தீ. சூட்டை மெல்ல ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் கொழுப்பு உருகி வழியும், தோல் வெடிக்கும், மீன் கம்பியிலிருந்து கழன்று தீயிலேயே விழும். தீ நாக்கு எழும்போது நீண்ட கழியின் நுனியில் கட்டிய ஈரத்துணியால் அடக்குவது பழைய முறை. ஹாஸ்லெ ஊரில் 1897இல் கட்டிய புகைக்கூடத்தில் திறந்த அடுப்பும் பெரிய புகைபோக்கிகளும் இன்றும் இருக்கின்றன. ஊசியிலை மர விறகு ஆகவே ஆகாது. அதன் பிசின் எரிந்து கசப்பும் கரியும் ஏறிவிடும்.

-----

ஐயா சொன்னதோடு ஓர் எல்லைக்கோட்டையும் சேர்த்துவிடலாம். புகையின் வெப்பத்தை வைத்துப் பெயரிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். மீனின் நடுப்பகுதி எவ்வளவு சூடாகிறது என்பதே அளவுகோலாக இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 853/2004 விதியும் 60 பாகை செல்சியசைத்தான் பிடித்துக்கொள்கிறது. நடுப்பகுதி அந்தச் சூட்டில் ஒரு நிமிடமாவது இருந்தால் ஒட்டுண்ணிப் புழு செத்துவிடும். அதை எட்டாத கடல் ஹெர்ரிங்கை −20 பாகையில் 24 மணி நேரம் உறைய வைக்க வேண்டும்.

இரண்டாம் வகைக்குத் 'தண்புகை' வேண்டாம், 'குளிர்புகை' போதும். தண்புகை அழகான சொல்தான். ஆனால் மீன் கடைப் பலகையில் எழுதினால் யாருக்கும் புரியாது. குளிர்புகையில் கூடம் ஏறக்குறைய 20 முதல் 28 பாகை. 30ஐத் தாண்டினால் சதை நெகிழ்ந்து இதழ் இதழாகப் பிளக்கும், மெல்லிய துண்டு போட வராது. முக்கியமாக, இது பச்சை மீன். லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி வளராமல் காப்பது உப்பும் குளிர்பெட்டியும்தான், புகை அன்று. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டியது குளிர்புகை மீனை. பெயரிலேயே இந்த வேறுபாடு தெரிந்தாக வேண்டும் என்று அழுத்திச் சொல்வது இதனால்தான்.

-----

எல்லாம் சரி, ஃபூன் தீவின் 'ரூயெஓஸ்ட்' எதில் அடங்கும்? பாலை உறையவைத்து, நீர் வடித்து, அந்த இளம் பாலாடைக்கட்டியைக் கம்பிவலையில் வைத்து, எரியும் ஓட்ஸ் வைக்கோல் மேல் காட்டுவார்கள். வைக்கோலோடு பச்சை நெட்டில் செடியும் போடுவது தீயை அமுக்கிப் புகையைத் திரளாக்க. ஓரிரு நிமிடம், அவ்வளவுதான். அடியில் வலைக்கோடு பழுப்பாக விழும். நீர் சரியாக வடியாத கட்டி புகையைப் பிடிக்காது, அதிக நேரம் காட்டினால் கசக்கும். கீழே தீ கொழுந்துவிட்டு எரிகிறது, கட்டியோ வேகவில்லை. சுடுபுகை என்றால் பிழை, குளிர்புகை என்றாலும் பிழை.

-----

> சுடுபுகை என்றால் பிழை, குளிர்புகை என்றாலும் பிழை

நல்ல சோதனை, அம்மா. அதை எரிபொருளின் பெயராலேயே 'வைக்கோற்புகைக் கட்டி' என்று சொல்லிவிடலாமே. இரண்டு பெட்டிக்குள் மூன்றாவதைத் திணிக்க வேண்டியதில்லை. பதிவுகளை இப்படி எழுதியிருக்கிறேன்:

சுடுபுகையூட்டல்: நடுப்பகுதி 60 பாகையைத் தொட்டு வேகும்படி புகையில் வைத்தல். எ.கா.: போர்ன்ஹோல்ம் ஹெர்ரிங், ரை ரொட்டியின் மேல் பச்சை மஞ்சள்கரு, முள்ளங்கி, சைவ்ஸ் தாளோடு பரிமாறினால் 'சோல் ஓவர் குத்யெம்'.

குளிர்புகையூட்டல்: உப்பிட்டு, வேகாத அளவுச் சூட்டில் புகையில் வைத்தல். எ.கா.: மெல்லியதாக அரியும் சால்மன்.

சுடுபுகை ஹெர்ரிங், குளிர்புகை சால்மன் என்று பெயரடையாகவும் வரும். 'புகைக்கருவாடு' பதிவை நீக்காமல், உலர்த்தியும் புகையூட்டியும் செய்த மீனுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.