இரைச்சலா, பிசிறா? அணு ஈர்ப்புமானியின் அதிர்வுச் சொற்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். நாம் தமிழில் எழுதும் அணு ஈர்ப்புமானி (விழும் அணுக்களைக் கொண்டு புவியீர்ப்பை அளக்கும் கருவி) பற்றிய கட்டுரையில் 'வைப்ரேஷன் நாய்ஸ்' வருமிடமெல்லாம் 'அதிர்வு இரைச்சல்' என்று போட்டிருக்கிறோம். எனக்கு ஒட்டவில்லை. இங்கே தொல்லை தருவது 0.1 ஹெர்ட்ஸ் முதல் சில பத்து ஹெர்ட்ஸ் வரையிலான ஆட்டம். அதில் பெரும்பகுதி காதிலேயே விழாது. இரைச்சல் என்றால் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி அடிக்கும் ஹாரன்தான் நினைவுக்கு வரும். அந்த லாரி பள்ளத்தில் இறங்கும்போது தரை வாங்கும் குத்துதான் நம் சிக்கல். (போகிற போக்கில்: 'அணு' என்றதும் கல்பாக்கத்தை நினைக்கிறவர்களுக்கு முதல் பத்தியிலேயே விளக்கம் சொல்லிவிட வேண்டும்.)

ருபிடியம்-87 அணுக்களைச் சில மைக்ரோகெல்வினுக்குக் குளிர்வித்து, வெற்றிடத்தில் விழவிட்டு, சம இடைவெளியில் மூன்று லேசர் துடிப்புகளைச் செலுத்துகிறோம். ஒளி ஒரு கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது. அணு விழுவதை அளக்கும் அளவுகோலின் சுழிப்புள்ளி அந்தக் கண்ணாடிதான். அது ஆடினால் அணு ஆடியதாகக் கணக்கில் ஏறும். துடிப்புகளுக்கு இடையே 100 மில்லிநொடி என்று வையுங்கள். நடுத்துடிப்பின்போது மட்டும் கண்ணாடி 1 நானோமீட்டர் விலகி நின்றால் விடையில் 20 மைக்ரோகால் பிழை ('கால்' என்பது ஈர்ப்பு முடுக்கத்தின் அலகு). அளவீடுகளை வரைபடத்தில் குறித்தால் புள்ளிகள் அலைபோன்ற சைன் வளைவில் உட்காராமல், நூல் பிரிந்த வேட்டிக்கரை போலச் சிலும்பி நிற்கும். அதனால் 'அதிர்வுப் பிசிறு' என்கிறேன். சுருதி பிசிறினால் பாட்டு கெடுவதும் இதே கதைதான்.

வியாசர்பாடியிலிருந்து:

> அதனால் 'அதிர்வுப் பிசிறு' என்கிறேன்

லேத் பட்டறையில் இரும்பு விளிம்பில் நீட்டிக்கொண்டிருப்பதையும் பிசிறு என்றுதான் சொல்கிறார்கள். குழப்பம் வராது, இரண்டும் வேண்டாத துருத்தல்தானே. எனக்குச் சம்மதம்.

அடுத்த சொல்தான் இடிக்கிறது. 'ஐசொலேஷன்' என்பதற்குக் கட்டுரையில் 'தனிமைப்படுத்தல்' இருக்கிறது. கொரோனா வார்டு ஞாபகம் வருகிறது. 'அதிர்வுத் தடுப்பு' என்று வைத்துவிடலாமா?

ராயபுரத்திலிருந்து:

ஐயா, 'தடுப்பு' செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்லும். கண்ணாடி உட்காரும் தளத்தின் இயல் அதிர்வெண் (தட்டிவிட்டால் தானாக ஆடும் அதிர்வெண்) 0.5 ஹெர்ட்ஸ் என்றால், 5 ஹெர்ட்ஸ் ஆட்டம் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகும். ஆனால் 0.5 ஹெர்ட்ஸ் ஆட்டத்தை அதே தளம் பெருக்கிவிடும். வங்கக்கடல் அலை தரைக்குத் தரும் மெல்லிய அசைவு ஏறத்தாழ 0.2 ஹெர்ட்ஸ், அது குறையாமல் உள்ளே வரும், சுமார் 20 விழுக்காடு கூடியே வரும். சாதாரணச் சுருள்வில்லில் 0.5 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் எடை தொங்கும்போது அது 1 மீட்டர் நீள வேண்டும். அதனால்தான் வில்லின் விறைப்பைக் குறைக்கும் எதிர்விறைப்பு அமைப்பைச் சேர்த்துச் சிறு பெட்டிக்குள் அடக்குகிறார்கள்.

வெப்பக்காப்பு, மின்காப்பு எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவை. பிளாஸ்கில் ஊற்றிய டீயும் கடைசியில் ஆறத்தான் செய்யும். காப்பு என்றால் முழுத் தடை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. 'அதிர்வுக் காப்பு' என்றே வைப்போம். டேம்பிங்குக்குத் 'தணிப்பு' இருக்கட்டும், இரண்டையும் கலக்கக் கூடாது. லாரியில் ஸ்பிரிங் செய்வது காப்பு, ஷாக் அப்சார்பர் செய்வது தணிப்பு.

காப்பு கெடுவது பெரும்பாலும் ஒயரால். தளத்துக்குப் போகும் கேபிளோ ஒளியிழையோ விறைப்பாக இருந்தால் தரையின் ஆட்டம் அதன் வழியாகவே ஏறிவிடும். தொய்வாக வளையம் விட்டு, நடுவில் ஓரிடத்தில் தனியாகப் பிணைக்க வேண்டும். தளம் சாய்ந்தாலும் ஆபத்து: 100 மைக்ரோரேடியன் சாய்வுக்கு விடையில் 5 மைக்ரோகால் குறையும்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

காப்பு, தணிப்பு இரண்டையும் ஏற்கிறேன் அம்மா. ஆனால் கடலசைவை இவை பிடிக்காதே. அதற்கு நிலநடுக்கமானியைக் கண்ணாடியோடு சேர்த்தே வைத்து, முதல் துடிப்பு முதல் மூன்றாவது வரை அதன் பதிவை எடுத்து, நேர்ந்த பிசிறைக் கணித்து விடையிலிருந்து எடுத்துவிடுகிறோம். இதற்குக் 'கழிப்பு' என்று வைத்தால் என்ன?

வியாசர்பாடியிலிருந்து:

கழிப்பறை என்று எவனாவது கிண்டலடிப்பான். 'அதிர்வு ஈடு' எப்படி? நட்டத்தை ஈடுகட்டுவது போல.

கணிக்கும் முறையையும் கட்டுரையில் எழுதிவிடுங்கள். வேகப் பதிவை முடுக்கமாக மாற்றி, முக்கோண எடை போட வேண்டும்: முதல், கடைசித் துடிப்புகளில் சுழி, நடுத்துடிப்பில் உச்சம். நிலநடுக்கமானியின் பதிவு சற்றுப் பிந்தி வரும். அந்தப் பிந்தலைச் சரிசெய்யாவிட்டால் வேகமான ஆட்டங்களில் ஈடு பிசிறைக் குறைப்பதற்குப் பதில் கூட்டிவிடும். மானிக்குள் இருக்கும் காந்தம் அணுக்களின் பக்கம் எட்டாதபடி கவசமும் வேண்டும்.

ராயபுரத்திலிருந்து:

ஈடு நல்ல சொல். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: 100 மில்லிநொடி இடைவெளியில் பிசிறு சுமார் 2 மில்லிகாலைத் தாண்டினால் எந்த வரியில் (சைன் வளைவின் எந்தச் சுற்றில்) நிற்கிறோம் என்றே தெரியாது. ஈடு அந்தத் தாண்டலை அளந்து சொன்னால் வரியைக் கண்டுபிடிக்கலாம், இல்லையென்றால் இடைவெளியைக் குறைக்க வேண்டியதுதான். 10 மில்லிநொடிக்கு இறக்கினால் வரி தாவாது; ஆனால் நுட்பம் நூறில் ஒரு பங்காகிவிடும்.

'வரி' என்று ஃப்ரிஞ்சுக்கு எழுதியிருக்கிறேன். 'பட்டை' என்பவர்களும் உண்டு. அதை நாளை தனி மடலில் எடுப்போம்.