‘டூட்’ என்று உங்களை யாராவது கூப்பிட்ட அனுபவம் உண்டா?

பொரிவிளங்காய்:
வயோமிங் பக்கம் ஷெரிடன் போயிருந்தோம், வீட்டுக்காரர் ஆபீஸ் நண்பர்கள் குடும்பத்தோட. டூட் ரான்ச் தெரியும்ல, காசு கட்டி கௌபாய் மாதிரி குதிரை ஏறுற இடம், அதுதான். காலையில லாயத்துக்குப் போனா வாசல்ல ஒரு பலகை. இந்தப் பக்கம் குதிரைப் பேர், அந்தப் பக்கம் ‘டூட்’னு தலைப்புப் போட்டு எங்க பேரெல்லாம் சாக்பீஸ்ல. என் பேருல ஒரு எழுத்து தப்பு, அது இருக்கட்டும். குதிரையைப் பார்த்துக்கிற பெரியவர் என்னைக் கண்டதும் உள்ளே திரும்பி, “இங்கே ஒரு டூட் நிக்குது, அந்தச் சாதுக் குதிரையைப் பிடிச்சிட்டு வா”ன்னார். நான் புடவைக்கு மேட்ச்சா பை வாங்குற ஆளு. முந்தின நாள்தான் மெயின் ஸ்ட்ரீட் கடையில புது பூட்ஸ் வாங்கியிருந்தேன். மனுஷன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, பூட்ஸைத்தான் பார்த்தார். பார்த்துட்டு ரொம்ப மரியாதையா சிரிச்சார். அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துது. நம்ம பசங்க மச்சிங்கிற மாதிரி சொல்ற வார்த்தைதானே இது? அந்த ஆள் சொன்னது அப்படி இல்லவே இல்லை.

கணக்கன்:
அப்படி இல்லைதான். அவர் சொன்னதுதான் பழைய அர்த்தம், உங்க பசங்க சொல்றதுதான் புதுசு. 1883 ஜனவரியில நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில டூட் பத்தி ஒரு கேலிப் பாட்டு வந்தது. அதுக்கப்புறம் ஊரெல்லாம் இதே பேச்சு. இங்கிலாந்துக்காரன் மாதிரி இறுக்கமான கால்சட்டை, கூர் மூக்கு ஷூ, கையில பிரம்பு, ஒத்தைக் கண்ணாடி, வாயில போலி உச்சரிப்பு. இப்படித் திரிஞ்ச பணக்கார வீட்டுப் பையனுக்குப் பேருதான் டூட். அமெரிக்காவோட பழைய ‘யாங்கி டூடுல்’ பாட்டுல வர்ற டூடுல்லேர்ந்து இந்தச் சொல் வந்ததுன்னு, சொல் வரலாறு ஆராயுற ஜெரால்ட் கோஹனும் பாரி பாப்பிக்கும் வருஷக்கணக்கா பழைய பத்திரிகைகளைத் தோண்டி வாதிட்டிருக்காங்க. அந்தப் பாட்டுலயே தொப்பியில இறகைச் செருகிட்டு அதுதான் ஃபேஷன்னு நினைக்கிற ஆளைத்தானே கிண்டல் பண்றாங்க. எனக்கு அது ஒத்துப்போகுது.

மேற்கே போனதும் பட்டணத்துக்காரன் எல்லாருமே டூட் ஆயிட்டான். ஈட்டன் சகோதரர்கள் டகோட்டாவுல மெடோராவுக்குப் பக்கத்துல விருந்தாளிங்ககிட்ட காசு வாங்கித் தங்க வைக்க ஆரம்பிச்சு, 1904-ல வயோமிங்ல வுல்ஃபுக்கு மாறினாங்க. நீங்க போன ஷெரிடனுக்குப் பக்கம்தான் அது. 1926-ல ரான்ச்காரங்க சங்கம் வச்சப்போ அதுக்குப் பேரே டூட் ராஞ்சர்ஸ் அசோசியேஷன். கேலிப் பேரையே போர்டுல எழுதிப் பிழைச்சவங்க. உங்க பெரியவர் திட்டலை, தொழில்முறைப் பேச்சு அது.

என் கதை சின்னதுதான். டென்வர்ல ஒரு கல்யாணத்துக்குக் கோட் சூட் போட்டுக் கிளம்பினேன். வீட்டு ஓனரோட அப்பா, எண்பதைத் தாண்டினவர், திண்ணையிலேர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்துட்டு, “ஆல் டூடட் அப்”ன்னார், அதாவது பலமா உடுத்திக் கிளம்பியாச்சுன்னு. பாராட்டா, கிண்டலா? கல்யாணம் முடியிற வரைக்கும் டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டே இருந்தேன்.

சான்ஹோசே_சாந்தி:
கணக்கன் சார், வரலாறு சரி. எங்க வீட்டு அடுப்படியில ஒத்தைக் கண்ணாடி போட்டுட்டு எவன் நிக்கிறான்? என் பொண்ணுக்கு நானும் டூட், நாயும் டூட், பாத்ரூம் கதவு மாட்டிக்கிட்டா கதவும் டூட். போன தீபாவளிக்கு ஊருக்கு வீடியோ கால் போட்டோம். எங்க அம்மா முறுக்கு தட்டை போன் கிட்ட நீட்டிக் காட்டினாங்க. இவ கண்ணை விரிச்சு, “டூட்!”ன்னு கத்தினா. எங்க அம்மா பின்னாடி திரும்பிப் பார்த்துட்டு, “யாரடி கூப்பிடறே? இங்கே நான் மட்டும்தான்டி இருக்கேன்”ன்னாங்க. எனக்குச் சிரிப்பு அடக்க முடியலை. ஆனா அப்பத்தான் தோணிச்சு, அவ பாட்டியைக் கூப்பிடவே இல்லை, முறுக்கைப் பார்த்த வாய் அது. “ஐயோ”ன்னு நாம யாரையாவது கூப்பிடறோமா?

ஆனந்த_பவன்_அடிமை:
என் பையன் மிடில் ஸ்கூல். ஒருநாள் வந்து, யாரும் என்னை டூட்னு சொல்லக்கூடாது, யானையோட பின்பக்கத்து முடிக்குத்தான் அந்தப் பேருன்னு ஒரே ஆர்ப்பாட்டம். அவன் கிளாஸ் பூரா நம்புது. அப்படிக் கூப்பிட்ட சித்தப்பாவோட ஒரு வாரம் பேசலை. கடைசியில உயிர்க்காட்சிசாலைக்கே கூட்டிட்டுப் போனேன். யானையைக் குளிப்பாட்டிட்டிருந்த அம்மாகிட்ட வேலிக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து இவன் சத்தமா கேட்டான். அந்தம்மா குழாயை நிறுத்தினாங்க. இவனைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. “எங்க பாட்டி காலத்துலேர்ந்து இதைக் கேட்கிறாங்க தம்பி, இதுக்குப் பேரு வால் முடி”ன்னு சொல்லிட்டு மறுபடி குழாயைத் திறந்தாங்க. பையன் இன்னும் முழுசா நம்பலை.

பக்குவமா_பேசு:
எல்லாருக்கும் வணக்கம். சான்டியாகோவுல வேலை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்வர் படுத்துருச்சு, நான் எழுதின புரோகிராம் இல்லை, ஆனா அன்னைக்குக் கோளாறு வந்தா கவனிக்க வேண்டிய ஆன்கால் ஆள் நான்தான். மேனேஜர் என் இடத்துக்கு வந்து திரையைப் பார்த்து “டூட்”ன்னு ஒரே சொல். இறக்கி, மெதுவா. வேற எதுவும் சொல்லலை. அது ஆறுதலா, அர்ச்சனையா, இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடலை.

புதுசா வர்றவங்களுக்காகச் சில விஷயம் சொல்றேன். இந்தச் சொல்லுக்கு உயிரே ராகத்துல இருக்கு. வெட்டிச் சொன்னா எச்சரிக்கை: டூட், அந்தக் கார். இழுத்து மேலே ஏத்தினா ஆச்சரியம். இழுத்துக் கீழே இறக்கினா அனுதாபம் இல்லேன்னா ஏமாற்றம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து ஸ்காட் கீஸ்லிங் 2004-ல இதுக்குன்னே ஒரு முழுக் கட்டுரை எழுதியிருக்கார். நெருக்கமும் வேணும், ரொம்ப நெருங்கிட்ட மாதிரியும் தெரியக்கூடாது, அந்த நடு இடத்துக்குத்தான் பசங்க இதைப் பிடிச்சுக்கிறாங்கங்கிறது அவர் கட்சி. அதனால ஹெச்ஆர்கிட்ட சொல்லாதீங்க. கார் நிறுத்துற போலீஸ்கிட்ட சொல்லவே சொல்லாதீங்க. இன்டர்வியூவுல எதிராளி முதல்ல சொன்னாலும் நீங்க திருப்பிச் சொல்ல வேண்டாம். மாமனார் இங்கேயே வளர்ந்தவரா இருந்தாலும் வேண்டாம். ஈமெயில்ல எழுதினா ராகம் போயிரும், வெறும் மரியாதைக் குறைவு மட்டும்தான் மிஞ்சும். ஆபீஸ் அரட்டைக்கு வச்சிருக்கிற ஸ்லாக்ல பரவாயில்லை, ஆனா நிறைய பேர் இருக்கிற சேனல்ல வேண்டாம். உச்சரிப்பும் கவனிங்க, கலிஃபோர்னியாவுல அந்த ஊகாரம் கொஞ்சம் முன்னாடி தள்ளி வரும், உதட்டைக் குவிக்காம...

சான்ஹோசே_சாந்தி:
யாரு கேட்டா தம்பி?

இரவுப்பணி:
லாஸ் ஏஞ்சலஸ்ல நர்ஸ் வேலை. கணக்கன் அண்ணன் 1883-லேர்ந்து ரான்ச் வரைக்கும் வந்தார், பக்குவம் தம்பி நேரா ஆபீசுக்குத் தாவிட்டார். நடுவுல இருந்தவங்களைக் காணோமே?

சில வருஷம் முன்னாடி எங்க வார்டுல ஒரு மெக்சிகன் அமெரிக்கத் தாத்தா இருந்தார். ராத்திரி தூக்கம் வராது, பேசிட்டே இருப்பார். பர்ஸ்லேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக் காட்டினார். சின்னப் பையனா அவர், முழங்கால் வரைக்கும் தொங்குற கோட், இடுப்புலேர்ந்து வளைஞ்சு இறங்குற சங்கிலி, மேலே பலூன் மாதிரி விரிஞ்சு கணுக்கால்ல சுருங்குற பேன்ட். ஸூட் சூட். அந்தச் சங்கிலி மேல விரலை வச்சுட்டே, “நாங்கதான் டூட், கடல் அலையில சறுக்குற வெள்ளைப் பசங்க பின்னாடி வந்தவங்க”ன்னார். அப்புறம் 1943 ஜூன் பத்திச் சொன்னார். கப்பற்படைப் பசங்க தெருவுல இறங்கி இந்த மாதிரி உடுத்தின பையன்களைப் பிடிச்சு அடிச்சு, துணியை உரிச்சது. அவங்க அம்மா அந்தக் கோட்டை மெத்தைக்கு அடியில ஒளிச்சு வச்சாங்களாம். அவர் சொன்னது சரிதான். முப்பது நாப்பதுகள்ல கறுப்பினப் பசங்களும், பச்சூக்கோன்னு சொல்ற இந்த மாதிரி உடுத்தின மெக்சிகன் அமெரிக்கப் பசங்களும்தான் ஒருத்தரை ஒருத்தர் இப்படிக் கூப்பிட்டு, கேலிச் சொல்லைத் தோழன்னு மாத்தினாங்க. சர்ஃபர் பசங்க எல்லாம் அதுக்கு அப்புறம்தான். அலைச்சறுக்கும் சினிமாவும் சேர்ந்து உலகம் பூரா பரப்பினதும் யார் மாத்தினாங்கன்னு எல்லாரும் மறந்தாச்சு.

கணக்கன்:
தங்கச்சி, நான் மறுக்கலை. ரான்ச் பத்திக் கேட்டாங்க, ரான்ச் பத்திச் சொன்னேன். ஆனா ‘மாத்தினாங்க’ன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. மேற்கத்திப் பேச்சுல இது சும்மா ‘ஆளு’ங்கிற அர்த்தத்துக்கு அதுக்கு முன்னாடியே நழுவ ஆரம்பிச்சிருக்கலாம்.

இரவுப்பணி:
நழுவினது வேற, தோள்ல கை போட்டுக் கூப்பிட்டது வேற அண்ணே. தாத்தா சொன்னது ரெண்டாவது.

மழைக்கோட்டு:
சியாட்டில். என் டீம்ல ஒரு பொண்ணு, எல்லாருக்கும் பிடிச்ச பொண்ணு. காலை மீட்டிங்ல ஒருத்தன் வழக்கம்போல “டூட்ஸ், ஆரம்பிக்கலாமா”ன்னான். இவ லேப்டாப்பை மூடாம, குரலை உயர்த்தாம, “நான் டூட் இல்லை”ன்னா. அவன் உடனே, இது எல்லாருக்கும் பொதுவான சொல்லுன்னு விளக்கம் கொடுக்க ஆரம்பிச்சான். இவ ஒரே கேள்வி கேட்டா: “நீ எத்தனை டூட்கூட டேட்டிங் போயிருக்கே?” அறை நிசப்தம். அவ கேட்டது நியாயம்னு எனக்குப் படுது. ஆனா அதே பொண்ணு அடுத்த நாள் கேன்டீன்ல தோழிகிட்ட “டூட், அவன் மூஞ்சியைப் பார்த்தியா”ன்னு சொல்லிட்டிருந்தா.

பக்குவமா_பேசு:
இதுக்குத்தான் ராகம்னு சொன்னேன். பொண்ணுங்க தங்களுக்குள்ள சொல்றதும் அந்தக் கட்டுரையிலேயே இருக்கு. இதையும் கவனத்துல வச்சுக்கோங்க, முதல்ல...

பொரிவிளங்காய்:
தம்பி, போதும்பா. கணக்கன் அண்ணே, ஒரு சந்தேகம். பொம்பளைங்களுக்கு ரான்ச்ல தனிப் பேர் இருந்ததா?

கணக்கன்:
இருந்தது, ‘டூடீன்’னு. ரொம்ப நாள் ஓடலை.

ஆனந்த_பவன்_அடிமை:
என் பையனுக்கு இந்தச் சொல்லே இப்ப பழசு. வீட்டுல எல்லாமே பிரதரைச் சுருக்கின “ப்ரூ”தான். அவங்க அம்மா நேத்து கேட்டா, அதுவும் யானை சமாச்சாரமான்னு.