முகாம் டாய்லெட்டின் தகடு ஒட்டிக்கொண்டது

கேள்வி: அம்மாவுக்கு மூட்டுவலி, குந்த முடியாது. மெல்பர்னிலிருந்து கிராம்பியன்ஸ் மலைக்கு முகாம் போக, 20 லிட்டர் தொட்டி உள்ள டாய்லெட்டை கராஜிலிருந்து எடுத்தேன். ஆறு மாதம் சும்மா கிடந்தது. இருக்கைக்கும் தொட்டிக்கும் நடுவே இழுத்துத் திறக்கும் தகடு அசையவே இல்லை. நல்லெண்ணெய் விடலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம்! ரப்பர் கெட்டுவிடும். மேலே வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். அப்புறம் சிலிக்கோன் ஸ்பிரே. இனி கழுவிக் காயவைத்து, தகட்டைத் திறந்தே வையுங்கள். நானும் மூடிவைத்துப் பட்டவன்தான்.

இன்னொரு பதில்: மலைக்குப் போனதும், தகட்டைத் திறக்கும் முன், தொட்டியின் காற்றை வெளியேற்றும் பொத்தானை அழுத்துங்கள். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. அழுத்தாமல் திறந்தால் உள்ளே அடைபட்டது தெறிக்கும். என் புதுச் சட்டை அப்படித்தான் போனது.

கேட்டவர்: திறந்துவிட்டது! நிறைந்தால் புதரில் கொட்டலாமா, அண்ணா?

பதில்: கூடவே கூடாது தம்பி. கேரவன் பார்க்கில் டம்ப் பாயிண்ட் (டாய்லெட் கழிவைக் கொட்டும் இடம்) இருக்கும், அங்கேதான். நிறையும்வரை காத்திருக்காதீர்கள், 20 லிட்டர் என்றால் 20 கிலோ. இடுப்பு போய்விடும்.