ஸ்னோ குளோபுக்குள் எதை ஊற்றுவது: கிளிசரினா, பேபி ஆயிலா?

கண்ணாடி_ஜாடி
வணக்கம். அக்கா பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுக்க ஜிகினா போட்ட ஸ்னோ குளோப் (குலுக்கினால் உள்ளே பனி விழுகிற மாதிரி தெரியும் பாட்டில் பொம்மை) செய்துகொண்டிருக்கிறேன். அரை லிட்டர் ஜாம் பாட்டில், மூடியின் உள்பக்கம் ஒட்டிய சின்ன பிளாஸ்டிக் யானை, வெள்ளி ஜிகினாத் தூள். வெறும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஜிகினாவில் பாதி மேலேயே மிதக்கிறது, மீதி குலுக்கி வைத்த உடனே அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. வீடியோக்களில் ஒருவர் கிளிசரின் என்கிறார், ஒருவர் பேபி ஆயில் என்கிறார், இன்னொருவர் பசையைக் கரைத்து ஊற்றுகிறார். எதை நம்புவது? பிள்ளைகளில் சின்னவளுக்கு 3 வயது, பெரியவனுக்கு 9. இரண்டு பாட்டிலும் மதுரை வெயிலில்தான் இருக்கப்போகின்றன.

பாண்டி_கைவினை
பேபி ஆயில், யோசிக்கவே வேண்டாம். இதைச் செய்து விற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். தண்ணீர் கலந்த எதுவும் ஒருநாள் கெட்டுப்போகும். முதலில் லேசாகக் கலங்கும், அப்புறம் பொம்மையின் காலடியில் நூல் நூலாகப் பூஞ்சை கட்டும், திறந்தால் நாறும். எண்ணெயில் கிருமிக்குத் தண்ணீரே கிடைக்காது, வளரவும் வழியில்லை. ஜிகினா மிதக்கிற தொல்லையும் இல்லை. தண்ணீரின் பரப்பு இழுவிசை லேசான துகளை மேலேயே தாங்கிப் பிடிக்கும். எண்ணெய்க்கு அந்த இழுவிசையில் பாதிகூடக் கிடையாது, ஜிகினா உடனே நனைந்து உள்ளே இறங்கிவிடும். பேபி ஆயிலில் வாசனை பிடிக்கவில்லை என்றால் மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் கேளுங்கள். அடிப்படையில் இரண்டும் ஒரே சரக்குதான்.

ஆய்வுக்கூடம்
பாண்டி அண்ணன் பூஞ்சை பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் அதற்காக எண்ணெய்க்குப் போக வேண்டியதில்லை. தண்ணீரில் கிளிசரினைக் கஞ்சத்தனமாகக் கலந்தால்தான் கெட்டுப்போகும். பல வீடியோக்களில் சொல்கிற மாதிரி ஒரு பாட்டில் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன் கிளிசரின் விட்டால், கிருமிக்கு விருந்து வைத்த மாதிரிதான். எடையில் பாதி கிளிசரின் ஆகிவிட்டால் நிலைமை வேறு. கிளிசரின் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும், பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதில் பெருக முடியாது. சில பூஞ்சைகள் தாக்குப்பிடிக்கும் என்பதால் சுத்தம் கட்டாயம், பாட்டிலை வெந்நீரில் கொதிக்க வைத்து எடுங்கள்.

என் அளவு இது: 250 மில்லி கிளிசரின், 250 மில்லி டிஸ்டில்டு வாட்டர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. வாகன பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரே போதும். போர் தண்ணீர் வேண்டாம், அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து நாளடைவில் கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். அந்த ஒரு சொட்டுத் திரவம்தான் பரப்பு இழுவிசையை உடைத்து ஜிகினாவைக் கீழே இறக்கும். இரண்டாவது சொட்டு விட்டால் நுரை தள்ளும்.

பாண்டி_கைவினை
அவ்வளவு அளந்து, கலந்து, வெந்நீரில் பாட்டிலைக் கொதிக்க வைத்து எதற்கு? எண்ணெய் கட்டியாக இருக்கிறது, ஜிகினா மெதுவாக இறங்குகிறது, வேலை முடிந்தது.

ஆய்வுக்கூடம்
மெதுவாக இறங்குவதற்குக் கட்டி மட்டும் காரணமில்லை அண்ணா. கடையில் கிடைக்கிற ஜிகினா பெரும்பாலும் பெட் (PET) என்ற வகை பிளாஸ்டிக், மேலே மெல்லிய அலுமினியப் பூச்சு. அதன் அடர்த்தி 1.38 கிட்ட. தண்ணீர் 1, கிளிசரின் 1.26, லிக்விட் பாரஃபின் 0.85 கிட்ட. துகளுக்கும் திரவத்துக்கும் இந்த வித்தியாசம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மெதுவாக விழும். திரவத்தின் பாகுநிலை, அதாவது கட்டித்தன்மை, எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு மெதுவாக விழும். ஸ்டோக்ஸ் விதி சொல்வது இதைத்தான்.

எண்ணெயில் ஒன்று கூடுகிறது, ஒன்று குறைகிறது. பாகுநிலை தண்ணீரைவிட அதிகம், ஆனால் எண்ணெய் தண்ணீரைவிட லேசு என்பதால் ஜிகினாவைத் தாங்குவது குறைவு. கிளிசரின் இரண்டு பக்கமும் உதவுகிறது. கிளிசரினும் தண்ணீரும் கொள்ளளவில் சரிபாதி ஊற்றினால் எடையில் கிளிசரின் 56 சதவீதம் வரும். 20 டிகிரியில் பாகுநிலை தண்ணீரைப் போல 8 மடங்கு, அடர்த்தி வித்தியாசமும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். இரண்டும் சேர்ந்தால் ஜிகினா விழும் வேகம் ஏறக்குறைய 12 மடங்கு குறையும். லேசான வகை லிக்விட் பாரஃபின் இத்தனை பாகுநிலை இருந்தும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வருகிறது. இன்னும் மெதுவாக வேண்டுமென்றால் நான் கிளிசரினைக் கூட்டுவேன். நீங்கள் என்ன செய்வீர்கள்?

பாண்டி_கைவினை
லிக்விட் பாரஃபினில் லேசு, கனம் என்று இரண்டு வகை இருக்கிறது தம்பி. இரண்டையும் கலந்து எந்த வேகம் வேண்டுமோ அதைக் கொண்டுவரலாம். வாங்குகிறவர் எதிரிலேயே குலுக்கிக் காட்டி, இன்னும் மெதுவாக வேண்டும் என்றால் கனமான வகையைக் கூட்டி ஊற்றுகிறேன். அளந்து கூட்டிக் குறைப்பது கிளிசரினுக்கு மட்டும் சொந்தமில்லை.

மழலைக்கூடம்
இரண்டு பேரும் வேகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கேள்வியில் 3 வயதுக் குழந்தை இருக்கிறது! நான் மழலையர் பள்ளி நடத்துகிறேன், அந்த வயதுக்குக் கண்ணாடியும் கூடாது, பேபி ஆயிலும் கூடாது. பேபி ஆயில் மேலே தடவுவதற்குப் பிரச்சினையில்லை. ஆனால் குழந்தை அதைக் குடித்து இருமும்போது நுரையீரலுக்குள் போய்விட்டால் கடுமையான நிமோனியா வரும், உயிருக்கே ஆபத்து. நீர்த்த எண்ணெய் என்பதால் சுலபமாக உள்ளே இறங்கிவிடும். இந்த ஆபத்துக்காகவே அமெரிக்காவில் இந்த வகைப் பொருள்களைக் குழந்தைகள் எளிதில் திறக்க முடியாத மூடியோடுதான் விற்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

நாங்கள் செய்வது சுலபம். கனமான பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் பங்கு வெதுவெதுப்பான தண்ணீர், கால் பங்கு கண்ணாடி நிறப் பசை, ஜிகினா. வெள்ளைப் பசை வாங்கிவிடாதீர்கள், பால் மாதிரி ஆகிவிடும். மூடியை உள்ளே பசை தடவி நிரந்தரமாக ஒட்டிவிடுவோம். அழுகிற குழந்தை அதைப் பார்த்துக்கொண்டே அமைதியாவதை தினமும் பார்க்கிறேன்.

ஆய்வுக்கூடம்
டீச்சர், சின்னவளுக்கு உங்கள் பாட்டில்தான் சரி, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பெரியவனின் யானைக்குப் பசை வேண்டாம். பசைக் கரைசலில் புகை மாதிரி கோடுகள் ஓடும். ஜிகினா மட்டும் இருக்கும் பாட்டிலில் அது அழகு, பொம்மை இருந்தால் முகத்தை மறைக்கும். பொம்மை ஓரத்தில் பசை கட்டிகட்டியாகத் தங்கவும் செய்யும்.

மழலைக்கூடம்
தண்ணீர் போதுமான சூட்டில் இருந்து, பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினால் கட்டி வராது. அவசரப்படுகிறவர்களுக்குத்தான் வரும். கோடு ஓடுவதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

பனிநாடு
கனடாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே பலர் சோளப் பாகு ஊற்றுவார்கள். அது வெறும் சர்க்கரை, நாளாக நாளாகப் பழுப்பாகும், தண்ணீர் விட்டு நீர்த்தால் புளிக்கும். அதை யாரும் எடுக்க வேண்டாம். இன்னொன்று, வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அனுப்புகிறவர்கள் யோசிக்க வேண்டியது: குளிர்காலத்தில் பார்சல் வெளியே கிடந்தால் வெறும் தண்ணீர் உறைந்து விரிந்து கண்ணாடியை உடைத்துவிடும். எடையில் பாதி கிளிசரின் இருந்தால் உறைநிலை மைனஸ் 23 டிகிரி வரை இறங்குகிறது. உறையக்கூடாது என்று காரில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாய் பூனை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும், பிள்ளைகளுக்கும் அது விஷம்.

பாண்டி_கைவினை
மதுரையில் எது உறையப்போகிறது? அங்கே பிரச்சினை சூடு. அதைப் பேசுங்கள்.

ஆய்வுக்கூடம்
பேசுவோம், ஏனென்றால் சூடுதான் எண்ணெய்க்கு எதிரான பெரிய சாட்சி. அரை லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் சுமார் 2.5 மில்லி விரியும். லிக்விட் பாரஃபின் அதில் இரண்டு மடங்கு, அதாவது ஒரு டீஸ்பூன் அளவு விரியும். கிளிசரின் கலவை இரண்டுக்கும் நடுவில். காற்றுக்கு இடம் விடாமல் கழுத்து வரை நிரப்பினால் அந்த ஒரு ஸ்பூன் எங்கே போகும்? மூடி வழியாகத்தான். ஜாம் பாட்டில் மூடியின் ரப்பர் மாதிரியான வளையத்தை எண்ணெய் நாளடைவில் ஊற வைக்கும். பலர் பொம்மையை ஹாட் குளூ கன்னால் ஒட்டுகிறார்கள், எண்ணெயில் அந்தப் பிடிமானம் நழுவி யானை ஒருநாள் தனியாகக் கழன்றுவிடும். தண்ணீர் கசிந்தால் துடைத்துவிடலாம். மர அலமாரியில் எண்ணெய் கசிந்தால் அந்தக் கறை போகவே போகாது, அதன் பக்கத்தில் விளக்கு ஏற்றவும் முடியாது.

பாண்டி_கைவினை
கசிவது திரவத்தின் குற்றமில்லை, வேலையின் குற்றம். மேலே ஒரு சின்னக் குமிழ் அளவு இடம் விடுங்கள், விரிவதற்கு அது போதும். பொம்மையை ஹாட் குளூவால் ஒட்டுவதே தப்பு, எண்ணெயோ தண்ணீரோ எதில் வைத்தாலும் எபாக்சி என்ற கெட்டிப் பசை போடுங்கள், ஒருநாள் முழுக்கக் காயவிடுங்கள். மூடியின் ஓரத்திலும் எபாக்சி. சூட்டைப் பற்றிச் சொன்னீர்களே, கிளிசரின் கலவை சூட்டில் நீர்த்துப்போகாதா? சித்திரை மாதம் குலுக்கினால் ஜிகினா விழுகிற வேகத்தை மார்கழியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆய்வுக்கூடம்
நீர்த்துப்போகும். 20 டிகிரியில் இருக்கிற பாகுநிலை 40 டிகிரியில் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதனால்தான் மதுரைக்குச் சரிபாதிக்குக் கீழே போக வேண்டாம் என்கிறேன், கொஞ்சம் கூட்டி 60 சதவீதம் வரை ஊற்றலாம். சூட்டில் எண்ணெயும் நீர்க்கும், அதை விட்டுவிடாதீர்கள். முழுக்கக் கிளிசரினையே ஊற்றினால் என்ன என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 20 டிகிரியில் அது தண்ணீரைப் போல 1400 மடங்கு பாகு. ஜிகினா நகராது, குலுக்கும்போது நுழைந்த காற்றுக்குமிழ்களும் அப்படியே நின்றுவிடும்.

இவ்வளவு நேரம் திரவத்தைப் பற்றியே சண்டை போட்டோம், முக்கியமான பொருளைத் தொடவே இல்லை. துகள் பாதி அளவானால் விழும் வேகம் கால்வாசியாகிறது. கிளிசரினுக்கு இன்னொரு பாட்டில் பணம் கொடுக்காமல் கிடைக்கிற லாபம் இது. பளபளப்பான பெரிய துண்டு ஜிகினாவை வாங்கிவிட்டு, அது விழுகிறதே என்று திரவத்தைக் குறை சொல்கிறோம். ஸ்னோ குளோபின் வரலாறே துகளைத் தேடிய கதைதான். 1900-இல் வியன்னாவில் எர்வின் பெர்சி என்பவர், அறுவை சிகிச்சை விளக்குக்கு வெளிச்சம் கூட்ட, தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையில் எதையெதையோ போட்டுப் பார்த்தார். ரவையைப் போட்டபோது அது பனி மாதிரி மெதுவாக இறங்கியது. விளக்கு சரியாக வரவில்லை, அதிலிருந்து அவருடைய ஸ்னோ குளோப் வந்தது. அந்தக் குடும்பம் இன்றும் அதே ஊரில் இவற்றைச் செய்கிறது, அவர்கள் ரகசியமாகக் காப்பது அந்தப் பனித்துகள் எதனால் ஆனது என்பதைத்தான்.

பாண்டி_கைவினை
துகள் விஷயத்தில் நாம் ஒரே பக்கம். நான் மிக நுண்ணிய தூளில் மூன்று பங்கும் பெரிய துண்டில் ஒரு பங்கும் கலப்பேன். பெரியது முதலில் இறங்கும், நுண்ணியது பின்னால் நின்று மினுங்கும். ஒரே அளவாகப் போட்டால் எல்லாம் ஒன்றாக விழுந்து முடிந்துவிடும், பார்க்கச் சுவாரஸ்யமே இருக்காது.

மழலைக்கூடம்
சாயம் போகாத ஜிகினாவா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். மலிவான சிவப்பு, நீல வகைகள் தண்ணீரிலும் சரி, எண்ணெயிலும் சரி நிறம் விடும். ஊற்றப்போகும் திரவத்தில் ஒரு சிட்டிகையை ராத்திரி முழுக்க ஊற வைத்தால் காலையில் தெரிந்துவிடும். கிருமிக்காக பிளீச்சிங் திரவம் விடச் சொல்லும் வீடியோவும் ஒன்று சுற்றுகிறது. அது சாயத்தை வெளுக்கும், வெள்ளி ஜிகினாவின் அலுமினியத்தையும் அரிக்கும்.

கண்ணாடி_ஜாடி
எல்லோருக்கும் நன்றி. சின்னவளுக்கு டீச்சர் சொன்ன பிளாஸ்டிக் பாட்டிலும் பசையும். பெரியவனுக்கு யானையை எபாக்சியால் ஒட்டி, கிளிசரின் 60, பேட்டரி தண்ணீர் 40. ஜிகினாவை பாண்டி அண்ணன் சொன்னபடி இரண்டு அளவில் கலக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்: யானைக்குப் பதிலாக எங்கள் கொலுவில் உள்ள சின்ன மண் பொம்மையை வைக்கலாமா?

ஆய்வுக்கூடம்
வேண்டாம். சுட்ட மண்ணுக்குள் காற்று இருக்கும், நாள்கணக்கில் குமிழ் விட்டுக்கொண்டே இருக்கும். மேலே பூசிய வண்ணமும் தண்ணீரில் கரையும்.

பாண்டி_கைவினை
எண்ணெயில் அந்த வண்ணம் கரையாது. ஆனால் குமிழ் விடத்தான் செய்யும், அதனால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பாட்டிலை ஜன்னல் ஓரத்தில் மட்டும் வைக்காதீர்கள் அம்மா. எந்தத் திரவமாக இருந்தாலும் வளைந்த கண்ணாடியோடு சேர்ந்தால் அது லென்ஸ், நேர் வெயிலைக் குவித்துத் திரைச்சீலையைப் பொசுக்கிவிடும். அப்புறம், உங்கள் கிளிசரின் கலங்கினால் லிக்விட் பாரஃபின் எங்கே வாங்குவது என்று என்னிடம் கேளுங்கள். அதற்கு முன் பாட்டிலையும் யானையையும் சொட்டு ஈரம் இல்லாமல் காய வைத்திருக்க வேண்டும், எண்ணெயில் ஒரு துளித் தண்ணீர் இருந்தாலும் முத்து மாதிரி அடியில் உருண்டுகொண்டே இருக்கும்.