சார்பு என்ற சொல் போதவில்லை: தாங்குபொதி, சார்பொதி

அன்பர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ‘dependency’ என்பதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்று இங்கே நடக்கும் உரையாடலில் என் பங்கு இது.

ஒரு மென்பொருள் பொதி (package) ஓட இன்னொரு பொதி வேண்டும். அந்த உறவைச் ‘சார்பு’ என்கிறோம். கணிதப் பாடநூல்களில் சார்புக்கு வேறு பொருள் (function) என்று இங்கே ஐயா ஒருவர் சொன்னார், சரிதான். எனக்கு அதைவிடப் பெரிய குறை ஒன்று தெரிகிறது: சாய்வது எது, தாங்குவது எது என்று அந்தச் சொல் காட்டுவதில்லை.

தோட்டத்துப் பிள்ளைகள் மூவர் சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து, லினக்ஸை மூல நிரலிலிருந்தே படிப்படியாகக் கட்டச் சொல்லித்தரும் ‘லினக்ஸ் ஃபிரம் ஸ்கிராட்ச்’ கையேட்டின் வழியில் இயங்குதளத்தைத் தாங்களே கட்டுகிறார்கள். அதில் பொதிகளை நிறுவி நீக்கும் பொதி மேலாளர் கிடையாது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் ஏப்டி (apt) என்ற மேலாளர் பார்த்துக்கொள்ளும் கணக்கெல்லாம் நம் குறிப்பேட்டில்தான்.

அண்மையில் ஓபன்எஸ்எஸ்எல் 1.1-ஐ எடுத்துவிட்டு 3.0 போட்டோம். இது மறையாக்கத்துக்கான நூலகம் (library), அதாவது மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. நூலகக் கோப்புப் பெயரின் வாலில் இருந்த 1.1 என்ற எண்ணும் 3 ஆகிவிட்டது. பழைய கோப்பு இனி எதற்கு என்று ஒரு பையன் அழித்துவிட்டான். குறிப்பேட்டில் ‘சார்பு பார்த்தாயிற்று’ என்று எழுதியிருக்கிறான். பொய்யில்லை. ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு என்னென்ன வேண்டும் என்று பார்த்திருக்கிறான். அதை நம்பி நிற்பவை எவை என்று பார்க்கவில்லை. இணையத்திலிருந்து கோப்புகளை இறக்கும் டபிள்யூகெட் நின்றது, கர்ல் நின்றது. பழுது பார்க்க மூல நிரலை இறக்கலாம் என்றால், இறக்கும் கருவியே செத்துக் கிடக்கிறது! வேறொரு கணினியில் இருந்த காப்புப் படியிலிருந்து பழைய கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்து போட்ட பிறகுதான் உயிர் வந்தது.

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல் அவனுக்கு வழி காட்டவில்லை.

சார்புக்குப் பதிலாகக் ‘கொழுகொம்பு’, அதாவது கொடி பற்றிப் படரும் கம்பு, என்று இங்கே ஓர் அம்மா முன்மொழிந்திருந்தார். அழகான சொல். வீட்டுப் பின்னால் பயற்றங்கொடிக்கு என் அம்மா கம்பு மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். பழைய கம்பின் பக்கத்திலேயே புதியதை ஊன்றுவார். கொடிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் புதியதில் கட்டுவார். கடைசிக் கொடியும் மாறிய பிறகுதான் பழையதைப் பிடுங்குவார். நூலகத்தைப் புதுப்பிக்கும் முறையும் அதேதான்: புதியதை நிறுவு, சார்ந்தவற்றை மறுபடி தொகு (compile), அப்புறம் பழையதை நீக்கு. ஆனால் கொழுகொம்பு என்பதில் ‘பொதி’ இல்லை. கட்டளைச் செய்திகளில் வரும்போது புதியவர் தடுமாறுவார்.

அதனால் இரண்டு சொற்கள்: தாங்குபொதி, சார்பொதி. ஓபன்எஸ்எஸ்எல் கர்லின் தாங்குபொதி, கர்ல் ஓபன்எஸ்எஸ்எல்லின் சார்பொதி. இரண்டும் வினைத்தொகை, அதனால் நடுவில் ‘ப்’ மிகாது. ‘சாய்பொதி’ என்றும் யோசித்தேன். விழப்போகிற பொதி போல ஒலிக்கிறது, வேண்டாம்.

‘சார்பொதி’யைச் சேர்த்துச் சொல்லும்போது ‘சார்பு’ என்றே காதில் விழுமோ என்பதுதான் என் தயக்கம். பிள்ளைகள் குறிப்பேட்டில் ஒவ்வொரு பொதிக்கும் இரண்டு பத்தி கோடு போட்டுவிட்டார்கள். தலைப்பு எழுதுமுன் உங்கள் கருத்து தெரிந்தால் நல்லது.